எட்டாவது நோட்டின் தையல்

தம்பி, வீட்டுப் பிள்ளைகளின் நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அக்காளின் மூத்த பையன் குமரன் பள்ளியில் இங்கிலீஷ் கட்டுரைக்கு முதல் பரிசு வாங்கினான். பரிசாகக் கொடுத்த அகராதியைத் தலையில் வைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் தோட்டம் வரைக்கும் நடந்தே வந்து என்னிடம் காட்டினான். சின்னவன் நடேசன் வெறுங்காலோடு பந்தாடி, பூட்ஸ் போட்ட பிள்ளைகளுக்கு எதிரே இரண்டு கோல் போட்டான். கடைக்குட்டிப் பாப்பா பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறாள். நிறுத்தச் சொன்னால் அழுகிறாள். நீ சீமையில் லத்தீன் பரீட்சை தேறினாய். இதையெல்லாம் நான் சொல்லிச் சொல்லி, லயத்துப் பெண்கள் என்னைக் கண்டால் ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசை மரத்துக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் வயிற்றில் பிறந்த வம்சம் இது. நான் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது?

இந்த வரிசையில் ஒரு பெயரை நான் விட்டுவிட்டேன். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். நான் எழுதுவதை நீ படிப்பதில்லை என்பது போன மாதம் எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் இது நோட்டு இல்லை, கடிதம். கடிதத்தை நீ பிரிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இதை உன் அப்பா பார்க்கவில்லை. ஈப்போ தபாலாபீசுக்கு நானே போய்ப் போடப்போகிறேன்.

நம் வீட்டில் கடிதம் என்றால் எப்படி என்பது உனக்கு மறந்திருக்கலாம். உன் அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. சீமையிலிருந்து உன் கடிதம் வந்தால் ஆபீஸ் வராந்தாவில் நின்று உரக்கப் படிப்பார். பால் எடுத்து வந்த ஆட்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். நான் உனக்கு எழுதும் கடிதத்தையும் அவர்தான் ஒருமுறை பார்த்து, இரண்டு எழுத்தைத் திருத்தி, மேல்விலாசம் எழுதி ஒட்டுவார். அதில் தவறொன்றும் இல்லை. எல்லா வீட்டுக் கடிதங்களையும் எழுதிப் படித்துப் பழகிய கை. ஆனால் அந்தக் கடிதங்களில் ரகசியம் என்று ஒன்று தங்காது. உன் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதுகூட இந்தத் தோட்டத்துக்கே தெரியும்.

பெரிய துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பியபோது உன்னையும் எழுத்து வேலைக்கு அழைத்துப் போனார். நீ போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதம் இன்னும் எனக்கு மனப்பாடம். கூரையை ஒட்டிய அறை. சனிக்கிழமை சட்டைக் காலரைத் துவைத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போடுவாய். பால் காய்ச்சும் சட்டியில் சோறு வடிப்பாய். ஒருநாள் கருவாடு பொரித்ததற்கு வீட்டுக்கார அம்மாள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று மாடிப்படி முழுவதும் தேடினாள். அதைப் படித்தபோது வராந்தாவே சிரித்தது. முத்துக் கங்காணி, “கிராணி ஐயா, அந்தம்மாவுக்கு ஒரு துண்டு குடுத்துப் பாக்கச் சொல்லுங்க லா, அப்புறம் தேட மாட்டாங்க” என்றார். பகலில் ரப்பர் கிடங்கில் வேலை. அங்கே வந்து இறங்கிய ஷீட் கட்டு ஒன்றை மோந்து பார்த்ததும் வீட்டு நினைவு வந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றதாக எழுதியிருந்தாய்.

அந்தக் கடிதத்தின் கடைசியில் உன் படிப்புத் திட்டத்தை எழுதியிருந்தாய். நாளுக்கு இருபது புதுச் சொற்கள். வாரத்துக்குச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம். வேலை முடிந்ததும் வகுப்பு. மாதத்துக்கு ஒரு முழுப் புத்தகம். மூன்று வருஷத்தில் மெட்ரிக்குலேஷன், அதற்கப்புறம் சட்டம். அதற்குக் கீழே எனக்கென்று நாலு வரி: “நீங்களும் படியுங்கள் அம்மா. ஐந்தாம் வகுப்போடு நின்றது நின்றதாகவே இருக்க வேண்டுமா? ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் பத்து வரி எழுதுங்கள். நிறைந்ததும் அனுப்புங்கள், நான் திருத்தித் தருகிறேன்.” கங்காணியின் பெண்சாதி என் தோளை இடித்து, “இனிமே கிராணியம்மாவும் சிலேட்டத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவாங்க போல” என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானமே நோட்டு வாங்க ஆள் அனுப்பினேன்.

காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனபிறகு லயத்து வீட்டு வரிசை அமைதியாகிவிடும். அந்த ஒரு மணி நேரம் என்னுடையதாயிற்று. யார் வீட்டில் பிரசவம், அரிசி ஸ்டோரில் பாம்பு புகுந்தது, மழை பிந்தியது எல்லாவற்றையும் எழுதினேன். உன் அப்பா அந்த நோட்டைத் தொடுவதில்லை. “பொம்பளை எழுத்துப் பழகுறா, பழகட்டும். மை தீந்தா ஆபீஸ்ல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். நிறைந்த நோட்டை வெள்ளைத் துணியில் வைத்து, நீல நூலால் நெருக்கமாகத் தைத்து, மூலையில் எத்தனையாவது நோட்டு என்று மையால் இலக்கம் போடுவேன். மேல்விலாசம் மட்டும் உன் அப்பா இங்கிலீஷில் எழுதுவார். இரண்டு மாதத்துக்கு ஒரு பொட்டலம்.

முதல் மூன்று நோட்டுகளும் திரும்பி வந்தன. நீ உட்கார்ந்து படித்திருந்தாய்; அதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை. மூன்றாவதன் கடைசியில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய். பேரப்பிள்ளைகளிடம் காட்டினால் கிண்டல் செய்வார்கள் என்று அந்தப் பக்கத்தை என் கல்யாணப் புடவையின் மடிப்பில் வைத்தேன். நாலாவதிலிருந்து நோட்டு திரும்பி வரவில்லை. “இங்கேயே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் அம்மா, படிக்கப் படிக்க வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறது” என்று எழுதினாய். அதையும் உன் அப்பா வராந்தாவில் படித்தார். நான் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது நான் விட்டுவிட்ட பெயருக்கு வருகிறேன். உன் அக்காள் மகள் லோகம். நீ கப்பல் ஏறும்போது இரட்டைச் சடையோடு நின்று கையாட்டினாளே, அவள். ஈப்போவில் பெண்கள் பள்ளியில் ஏழாவது முடித்தாள். ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறோம் என்று தலைமை ஆசிரியை அம்மாள் சொல்லியனுப்பினார்கள். அதே மாதம் சித்தியவானிலிருந்து ஒரு வரன் வந்தது. தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க், குடியில்லை, நல்ல குடும்பம். உன் மச்சானுக்குப் பிடித்துவிட்டது. நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொன்னார்: “நல்ல எடம் அத்தை. கைய விட்டாப் போயிரும். ஆனா தாய்மாமன் வாக்கு இல்லாம எங்க வழக்கத்துல தேதி குறிக்கிறதில்ல. மச்சான் ஒரு வார்த்தை சொல்லட்டும். அவன் வேணாம்னா நான் மறுபேச்சுப் பேசல.” உன் அப்பா உடனே பேனாவைத் தேடினார். நான்தான் தடுத்தேன். “நீங்க விடுங்க, நான் எழுதிக் கேக்கிறேன்” என்றேன். வராந்தாக் கடிதத்தில் கேட்டால் வராந்தாவில்தான் பதில் வரும். மாமன் வேண்டாம் என்று சொன்னதைப் பால் வாளிக்காரர்கள் எல்லாம் கேட்டால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அவமானம், உன் மச்சானுக்கும் தலைகுனிவு. நீ வாய் திறந்து உள்ளதைச் சொல்ல முடியாது.

லோகம் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு, “என்னைய யாரும் கேக்க மாட்டீங்களா அம்மாச்சி?” என்றாள்.

“சரி, ஒனக்கு என்ன வேணும்?”

“ரெண்டு வருசம். பயிற்சி முடிச்சிட்டு நீங்க யாரைச் சொன்னாலும் கட்டிக்கிறேன். நீங்க மாமாவக் கேளுங்க. அவரு வேணாம்னுதான் எழுதுவாரு, பாருங்களேன். நாளுக்கு இருவது வார்த்தை படிக்கிறவரு என் படிப்ப நிறுத்தச் சொல்வாரா?”

எட்டாவது நோட்டில் எழுதினேன், தம்பி. முதல் பக்கத்திலேயே எழுதினேன், பத்து வரிக்குப் பதிலாக நாலு பக்கம். வரன் யார், லோகம் என்ன கேட்டாள், ஆசிரியை அம்மாள் என்ன சொன்னார்கள், எல்லாம். அதன் கீழே, “உனக்குச் சம்மதம் இல்லையென்றால் உன் அடுத்த கடிதத்தில், ‘லோகத்தின் கல்யாணத்தை நான் ஊருக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒரே ஒரு வரி எழுது. யார் காதில் விழுந்தாலும் மனத்தாங்கல் வராது. அந்த வரி இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்” என்று எழுதினேன். நோட்டு நிறையக் காத்திராமல் அன்றே தைத்தேன்; லோகம்தான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

போக ஒரு மாதம், வர ஒரு மாதம் என்று அவள் நாள் எண்ணினாள். உன் பதில் வந்த அன்று சனிக்கிழமை, அவளும் தோட்டத்தில் இருந்தாள். உன் அப்பா படித்தார். பனியில் வழுக்கி விழுந்தது, லத்தீன் வாத்தியார் பாராட்டியது, இரண்டு ஜோடிக் காலுறை போட்டும் விரல் மரத்துப்போவது. அப்புறம், “எட்டாவது நோட்டு கிடைத்தது. முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. அம்மா இப்படியே தொடர்ந்து எழுதட்டும்.” அவ்வளவுதான். ஆட்கள் கலைந்தபிறகு லோகம் கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “வேற தாள் இல்லையா தாத்தா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் மடித்துக் கொடுத்துவிட்டு, “சரி. மாமா முழுக்கப் படிச்சிட்டுத்தானே எழுதியிருக்காரு” என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பள்ளிப் புத்தகங்களைப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். உன் மச்சானிடம் நான்தான் போய்ச் சொன்னேன்: “தாய்மாமன் வாக்குக் குடுத்திட்டான்.”

தேதி குறித்து உனக்குப் பத்திரிகை அனுப்பினோம். நீ வாழ்த்து எழுதினாய். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று அப்போது நினைத்திருப்பாய். கேட்டோம். உன்னைத்தான் கேட்டோம்.

கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உன் படத்தை வைத்தோம். நீ போன முதல் வருஷம் எடுத்து அனுப்பிய படம். கோட்டுப் போட்டு, மடியில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அது. என் யோசனைதான். லோகம் பெரியவர்கள் எல்லாரையும் விழுந்து கும்பிட்டாள். உன் படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றாள். நின்று பார்த்தாள். கும்பிடாமல் நகர்ந்துவிட்டாள். பெண்ணுக்குக் கூச்சம் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

அந்தக் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன மாதம் உன் அறையில் உன்னோடு தங்கியிருந்த தைப்பிங் சுந்தரம் உன் பழைய பெட்டியைக் கொண்டுவந்தான். பாவம், அந்தக் குளிர் நெஞ்சுக்கு ஆகாமல் திரும்பிவிட்டானாம். குமரனுக்கு நீ கொடுத்தனுப்பிய புத்தகங்கள் என்று சொல்லிப் பெட்டியை இறக்கினான். உன் அப்பா ஆபீசில் இருந்தார். நான் காப்பி கொடுத்து, உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“அவன் படிக்கிறத நீங்க பாக்கணும்மா. செவுத்துல கட்டம் கட்டமாப் போட்டு ஒட்டியிருப்பான். காலையில வார்த்தை, சாயந்தரம் லத்தீன். பல் வெளக்கக்கூட நேரம் குறிச்சிருப்பான். ஞாயித்துக்கெழமை நாலுலேந்து அஞ்சு, ‘அம்மா நோட்டு’ன்னு சிவப்பு மையில எழுதியிருக்கும்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. “ஒக்காந்து படிப்பானா?” என்றேன்.

“நாலு மணிக்கா? அப்பத்தாம்மா பார்க்குல பேச்சு நடக்கும். பெட்டி மேல ஏறி நின்னு அவனவன் பேசுவான், கேக்க அவ்வளவு நல்லா இருக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் விட்டதில்ல.” அவன் கள்ளமில்லாமல் சிரித்தான். அவன் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு ஏறவில்லை. இன்னொரு குவளை காப்பி ஊற்றினேன்.

அவன் போனபிறகு பெட்டியைத் திறந்தேன். மேலே புத்தகங்கள். அதன் கீழே முழங்கை கிழிந்த கோட்டு. அதற்கும் கீழே வெள்ளைத் துணிப் பொட்டலங்கள். பெட்டியில் அவை கிடப்பதே உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. எடுத்து வரிசையாக வைத்தேன். நாலு முதல் பதினாலு வரை, பதினொன்று. துணி மட்டும் அழுக்கேறி இருந்தது. நீல நூல் ஒன்றிலும் அறுபடவில்லை. என் தையல் எனக்குத் தெரியாதா? மூலைக்கு மூலை நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. எட்டாவதை மடியில் வைத்துக்கொண்டு, பால் வெட்டப் போனவர்கள் திரும்பி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உலை வைக்கவில்லை. உன் அப்பா வந்து என்ன என்று கேட்டார். “மகன் பெட்டி வந்திருக்கு” என்றேன். “நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நீ படிக்காமல் விட்டது பெரிய குற்றம் இல்லை, தம்பி. கிழவி ஒருத்தி பாம்பையும் மழையையும் எழுதியதைப் படிக்க, நாள் முழுக்கக் கிடங்கில் நின்று வந்தவனுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். “வேலை அதிகம் அம்மா, நோட்டைப் பிரிக்கவில்லை” என்று நீ எழுதியிருந்தால் நான் முகம் சுளித்திருப்பேன், அவ்வளவுதான். வேறு வழியில் உன்னைக் கேட்டிருப்பேன். முதலிலிருந்து கடைசி வரை படித்தேன் என்று எழுதினாயே, ஒரு பிழையும் இல்லை என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னது நீ. அந்த ஆசையைக் கிளப்பியதும் நீ. பதினொரு தடவை என்னை ஏமாற்றினாய். நான் பதினொரு தடவையும் அதை ஊருக்குச் சொல்லிக் குளிர்ந்தேன்.

என் பங்கையும் மறைக்கமாட்டேன். லோகத்தை நிறுத்த வேண்டாம் என்று எனக்கே தோன்றியது. அதை உன் மச்சானிடம் என் வாயால் சொல்லியிருக்கலாம். நாகப்பட்டினத்தில் நான் ஐந்தாவது முடித்த வருஷம் என் தாய்மாமன் வாசலில் நின்று “போதும்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அதோடு என் சிலேட்டு பரண்மேல் போயிற்று. ஒரு தாய்மாமன் வார்த்தையால் நின்றது, இன்னொரு தாய்மாமன் வார்த்தையால் தொடரட்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஆசை பாதி, கோழைத்தனம் பாதி. உன் பதிலில் அந்த வரி இல்லாதபோது, மறுபடியும் ஒருமுறை கேட்போமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டார்கள். உன் பெயருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

போன வாரம் சித்தியவானுக்குப் போனேன், அவளிடம் சொல்லிவிடுவது என்று. நன்றாகத்தான் இருக்கிறாள். புருஷன் தன்மையானவர். மாமியார் என்னிடம், “ஒங்க பேத்தி ரேசன் அரிசிக் கணக்க என் மகனுக்கு முந்திச் சொல்லிர்றா” என்று பெருமையா குறையா தெரியாத குரலில் சொன்னாள். என் பையில் பதினெட்டாவது நோட்டு இருந்தது. லோகம் அதைப் பார்த்துவிட்டு, “மாமாவுக்குப் போறதா?” என்று கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பங்கரையில் நின்றபடியே முழுவதும் படித்தாள். பென்சில் எடுத்து ஏழு இடத்தில் திருத்தினாள்.

“இதே தப்ப அப்பவும் எழுதுவீங்க அம்மாச்சி. மாமா இத்தனை வருசமா இதெல்லாம் திருத்தலையா?”

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. “அவனுக்கு வேலை அதிகம்” என்றேன்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “லத்தீன் பாஸ் பண்ணிட்டாராமே, தாத்தா எழுதியிருந்தாரு” என்றாள். “நல்லது. வீட்ல ஒருத்தராவது நெனச்சத முடிக்கட்டும்.” அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தன் மாமன் நாலு பக்கத்தையும் படித்து, யோசித்து, வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் விட்டான் என்றே அவள் நம்புகிறாள். அந்தப் பொய்யை நான் உடைத்தால் அது கோள் சொல்வதாகும். நீதான் உடைக்க வேண்டும்.

எட்டாவது நோட்டை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். நான் பிரிக்கவில்லை. பழைய தையலின் மேலேயே புதுத் துணி சுற்றியிருக்கிறேன். இது உன் கைக்கு வந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு பார்க்குக்குப் போகாதே. அந்தக் கட்டம் என்னுடையது. நூலை அறுத்துப் படி. அதில் உன்னை ஒன்று கேட்டிருக்கிறேன். பதிலுக்கு உரிய காலம் போய்விட்டது. ஆனாலும் பதில் எழுது. எனக்கு வேண்டாம், உன் அப்பா விலாசத்துக்கும் வேண்டாம். சித்தியவானுக்கு, லோகத்தின் பெயருக்கு எழுது. எப்போது பிரித்தாய் என்பதையும் எழுது. அன்றே பிரித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்பதையும் எழுது. அழகாக எழுத வேண்டாம். சிவப்பு மை அவளிடமும் இருக்கிறது.

உன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். சட்டம் மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன்; அவரும் நம்பினார். நேற்றுத்தான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பார்த்தேன். மடியில் இருக்கும் அந்தத் தடித்த புத்தகம் மூடித்தான் இருக்கிறது. மூன்று வருஷம் தினமும் பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை. புதிதாக ஒரு படம் எடு, தம்பி. அந்தக் கோட்டு வேண்டாம், கிடங்குக்குப் போகும் சட்டையே போதும். எட்டாவது நோட்டு உன் மடியில் விரிந்திருக்க வேண்டும், அறுந்த நீல நூல் தொங்குவது தெரிய வேண்டும். முதலில் அதை லோகத்துக்கு அனுப்பு. பார்த்துவிட்டு அவள் எனக்கு அனுப்பினால் மாட்டுகிறேன். ஆணியைப் பிடுங்கவில்லை.